பெருங்குடற் புண்: அறுவைச் சிகிச்சை யாருக்கு?

மலத்தோடு இரத்தம் போனால் நம்மவர் முதலில் நினைப்பது மூலம். அடுத்து நினைப்பது சீதபேதி. பல வேளைகளில் அந்த ஊகம் சரியாகவும் இருக்கும். ஆனால் இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது நோய் ஒன்று உண்டு. பெருங்குடலின் உட்சவ்வு வீங்கிச் சிவந்து, புண்பட்டு, இரத்தமும் சளியும் கசியும் நெடுநாள் நோய் அது. டாக்டர்கள் 'அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்' என்பர். நாம் பெருங்குடற் புண் எனலாம். மலேசியாவில் நடந்த ஆய்வுகளில், மலாய்க்காரரையும் சீனரையும்விட இந்தியரிடையே இது மிகுதியாகக் காணப்பட்டது. ஆதலின் நாம் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. சில காலம் அடங்கியிருக்கும். பின்னர் மீண்டும் மூளும். மருந்தினால் அடங்கி வாழ்வோரே பெரும்பாலோர். சிலருக்கு மட்டும் பெருங்குடலையே அகற்ற நேரிடுகிறது. அந்தச் சிலர் யாவர்?

அபாயம் மிகுந்தோர்

முதலாவது, புண் படர்ந்துள்ள தூரம். பெருங்குடல் ஏறத்தாழ 5 அடி நீளமுள்ளது. இந்நோய் அதன் கடைசிப் பகுதியாகிய மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் படரும். மலக்குடலோடு நின்றவர்களுக்கு அபாயம் குறைவு. குடல் முழுதும் படர்ந்தவர்களுக்கு மிகுதி.

இரண்டாவது, வயது. இளமையில் நோய் கண்டவர்கள் கூடுதல் கவனத்திற்குரியவர்கள்.

மூன்றாவது, நோயின் வேகம். தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு மருந்து தேவைப்பட்டவர்களும், மருத்துவமனையில் தங்க நேர்ந்தவர்களும் இவ்வகையினர்.

நான்காவது, இரத்தச் சோதனை. அழற்சியைக் காட்டும் 'சி.ஆர்.பி.' அளவு உயர்ந்தும், ஆல்புமின் என்னும் புரதம் தாழ்ந்தும் இருப்பது நல்ல அறிகுறியன்று.

ஐந்தாவது, புண்பட்ட குடலில் வேறு கிருமிகளும் குடியேறுதல்.

கடுந்தாக்குதலின் அடையாளம்

1955-ஆம் ஆண்டில் ட்ரூலவ், விட்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர்கள் 210 நோயாளிகளிடம் நடத்திய சோதனையை வெளியிட்டனர். கார்ட்டிசோன் பெற்றோரில் நூற்றுக்கு 41 பேர் ஆறு வாரங்களில் நோய் அடங்கப் பெற்றனர். பெறாதோரில் 16 பேரே அவ்வாறு தேறினர். கடுந்தாக்குதலுக்கு அவர்கள் வகுத்த இலக்கணம் இன்றும் பயன்படுகிறது: நாளொன்றுக்கு 6 முறையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு பேதியாவதுடன், காய்ச்சல், நாடி நிமிடத்திற்கு 90-க்கு மேல் துடித்தல், இரத்தச் சோகை முதலியவை சேர்ந்திருத்தல். இந்நிலையில் உள்ளவர் வீட்டில் இருத்தல் ஆகாது.

மூன்றாம் நாட் கணக்கு

மருத்துவமனையில் ஸ்டீராய்டு ஊசி தொடங்கிய மூன்றாம் நாள் மிக முக்கியமானது. 1996-இல் ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் ஓர் எளிய விதியைக் கண்டனர். அன்று 8 முறைக்கு மேல் பேதியானாலோ, 3 முதல் 8 முறை பேதியாகிச் சி.ஆர்.பி. 45-க்கு மேல் இருந்தாலோ, அவர்களுள் நூற்றுக்கு 85 பேருக்கு அத்தாக்குதலின்போதே அறுவை வேண்டியிருந்தது. சைக்குளோஸ்போரின், இன்ஃபிளிக்ஸிமேப் ஆகிய மருந்துகள் வழக்கிற்கு வந்து, பலருடைய குடலைக் காத்துள்ளன. எனினும் அந்தக் கணக்கின் பயன் குறையவில்லை. மூன்றாம் நாளே அடுத்த மருந்தையும் அறுவை நிபுணரையும் நாட வேண்டும் என்பதை அது உணர்த்துகிறது.

தாமதமே பகை

மருந்துகள் பலிக்காதபோது அறுவையை ஒத்திப்போடுவது பெருந்தீங்கு. குடல் ஊதி, அதன் குறுக்களவு 6 சென்டிமீட்டரை எட்டினால் கிழிந்துபோகும் அபாயம் உண்டு. கிழிந்தபின் செய்யும் அறுவையில் உயிரிழப்பு மிகுதி. பேதியை நிறுத்தவென்று கடையில் வாங்கிய மாத்திரைகளைக் கடுந்தாக்குதலின்போது விழுங்குவதும் குடலை ஊதச் செய்யக்கூடும்.

அறுவை என்றதும் வாழ்வு முடிந்ததென அஞ்ச வேண்டுவதில்லை. சிறுகுடலின் நுனியை வயிற்றில் திறந்து பை பொருத்துவது ஒரு முறை. சிறுகுடலைக் கொண்டே உள்ளே ஒரு பை அமைத்து, இயற்கை வழியிலேயே மலங்கழிக்கச் செய்வது மற்றொன்று. இதனை 1978-இல் இலண்டன் மருத்துவர்களான பார்க்ஸ், நிக்கல்ஸ் இருவரும் வெளியிட்டனர்.

நோயாளியின் குடும்பத்தார் செய்யக்கூடியது ஒன்றுண்டு. எத்தனை முறை பேதி, இரத்தம் உண்டா, காய்ச்சல் எவ்வளவு என்பவற்றை நாள்தோறும் ஒரு தாளில் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுதல் வேண்டும். வெட்கத்தால் மறைப்பதனால் இழக்கப்படும் நாட்களே இந்நோயில் விலைமதிப்புள்ளவை.