மறுகட்டுமானத்தில் விரைவு: ஆழிப்பேரலை தந்த பாடம்

மிளகு, சீரகம், கடுகு முதலியவற்றின் சந்தையால் பெயர்பெற்ற பேளுக்குறிச்சி, கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். கடல் நமக்கு நெடுந்தொலைவு. எனினும் 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை நமக்கும் ஒரு பாடத்தை விட்டுச் சென்றுள்ளது. இயற்கைச் சீற்றத்தில் அழிந்த வீடுகளை விரைந்து எழுப்ப விரும்பும் அரசு, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதே அப்பாடம்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாகூர் தர்கா, சமய வேறுபாடு கருதாது, இறந்தோரை அடக்கம் செய்யத் தன் நிலத்தை அளித்தது. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் மீனவ மக்களுக்கு உணவு சமைத்து வழங்கினர். துயர்துடைப்புக்கு இரக்கமுள்ள நெஞ்சங்கள் போதும். ஆகவே அது சில மணி நேரத்திலேயே தொடங்கிவிட்டது. வீடு கட்டுவதோ அவ்வாறன்று. அதற்கு நிலமும் சட்டமும் பணமும் ஒன்றுகூட வேண்டும்.

அரசு வாளாவிருக்கவில்லை. 2005 ஜனவரியிலேயே தொண்டு நிறுவனங்களையும் வீடு கட்டும் பணியில் இணைக்கும் ஆணை பிறந்தது. மார்ச்சில் வெளிவந்த ஆணை, புதிய வீடுகள் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும் என்றது. இது போற்றத்தக்க முடிவு. ஆயின் பணி ஏன் நீண்டது? நிலமே காரணம் எனலாம். 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை கரையோரக் கட்டுமானத்துக்கு வரம்பு விதித்திருந்தது. படகையும் வலையையும் விட்டுத் தொலைவில் குடியேற மீனவர் தயங்கினர். மாற்று இடத்தைத் தேடிக் கையகப்படுத்தி, மேடாக்கிய பின்னரே அடிக்கல் நாட்ட இயன்றது. அதுவரை மக்கள் தார் அட்டைக் குடில்களில் வெயிலில் வெந்தனர். 2005ஆம் ஆண்டுப் பெருமழையில் நனைந்தனர்.

குஜராத்தின் அனுபவத்தையும் இங்கு ஒப்புநோக்குவோம். 2001 ஜனவரி 26 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் முற்றிலும் இடிந்தன. அடுத்த மாதமே, மறுகட்டுமானத்துக்கெனத் தனி ஆணையம் ஒன்றை அம்மாநில அரசு நிறுவியது. உதவித்தொகை தவணைகளாக வழங்கப்பட்டது. பொறியாளர் பார்வையிட்டுச் சான்றளித்த பின்னரே அடுத்த தவணை கிடைத்தது. கொத்தனார்களுக்கு நிலநடுக்கம் தாங்கும் கட்டடக் கலை கற்பிக்கப்பட்டது. சிற்றூர்களில் பெரும்பாலோர் தம் பழைய மனையிலேயே தம் வீட்டைத் தாமே கட்டினர், பணி விரைந்தது. பூஜ் நகரத்திலோ, தெருக்களை அகலமாக்கும் நகரத் திட்டம் முடியும்வரை மக்கள் காத்திருக்க நேர்ந்தது. அங்கும் தடையாய் நின்றது நிலமே என்பது நோக்கத்தக்கது.

இவற்றால் நாம் அறிவது யாது? செங்கல் அடுக்குவதில் மட்டும் விரைவு இல்லை. யாருக்கு எந்த மனை, எவ்வளவு தொகை, எப்போது என்பவற்றை மக்களைக் கலந்து முன்னரே முடிவு செய்வதில்தான் விரைவு உள்ளது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாவட்டந்தோறும் முன்திட்டம் வகுக்கப் பணிக்கிறது. அத்திட்டம் ஏட்டளவில் நின்றுவிடலாகாது.

மழை வலுக்குங்கால் கொல்லிமலைச் சாலையில் மண்ணும் பாறையும் சரிவதை நாம் அறிவோம். ஆபத்து கடலோரத்துக்கு மட்டும் உரியதன்று. மாற்றிடம் எது, பட்டா யார் பெயரில் உள்ளது, உதவி கோர எந்த ஆவணம் வேண்டும் என்பவற்றை ஊர்ப் பெரியோரும் மாணவரும் கூடி இன்றே கேட்டறிவோமாக. மழைக்கு முன் கூரை வேய்வது நம் முன்னோர் கண்ட வழியன்றோ!