மட்டைப்பெட்டிக்குள் ஒரு வட்டை

கல்முனைக் கரையோரத்தில் காணியை விட்டுவந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வாப்பாவின் வட்டையைக் கண்டதில்லை. வகுப்பறையிலேயே அதைக் காட்ட ஒரு வழியுண்டு.

கூகிள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட பார்வைப்பெட்டி, மடித்த மட்டையும் இரண்டு வில்லைகளுமே; கைத்தொலைபேசியை உள்ளே வைக்கவேண்டும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். இதைக்கொண்டு ஆசிரியர்கள் மாணவரைத் தொலைதேசங்களுக்குக் 'கூட்டிச்செல்ல' உதவிய செயலி 2021இல் நிறுத்தப்பட்டது. எமக்கு அத்தனை தூரம் தேவையுமில்லை.

பனோரமாப் படமெடுக்கும் வசதி பல கைத்தொலைபேசிகளில் உண்டு; பெட்டி இல்லாவிட்டால் திரையில் நகர்த்திப் பார்க்கலாம். சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வாய்க்கால் வழியே வயல்வரை எடுங்கள். உள்ளே போகமுடியாத காணியை வீதியில் நின்றே எடுக்கலாம். முகாம் அருகே வேண்டாம். சேற்றுமணம் வராதுதான். எல்லை மரம் எது, எவருடைய வரம்பு எது என்பதை மூத்தவாப்பா அருகிலிருந்து சொல்லட்டும். ஒருவர் அதை எழுதிக்கொள்ளட்டும்.