நடமாடும்போதே தேடும் நிம்மதி

"சாகிறதுக்குப் பயமில்லை தாயி. இந்த மனசுதான் அடங்க மாட்டேங்குது."

2019-ம் வருஷம், ஓர் இரவு இரண்டு மணிக்கு என் மாமியார் இப்படிச் சொன்னார். புற்றுநோய் முற்றிப் படுக்கையில் கிடந்த நாட்கள் அவை. டாக்டர் கொடுத்த மருந்தில் வலி ஓரளவு தணிந்திருந்தது. தூக்கம்தான் வரவில்லை. விட்டத்தையே பார்த்தபடி கிடப்பார்.

அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. தன் காசுமாலையை அக்கா, தங்கை இருவரும் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவருடைய தாயார் சொல்லிவிட்டுப் போனாராம். அத்தையோ, "அம்மா எனக்குத்தான் கொடுத்தாள்" என்று சாதித்து, என் கணவரின் காலேஜ் ஃபீஸுக்காக அதை விற்றுவிட்டார். அதிலிருந்து முப்பது வருஷமாகத் தங்கையோடு பேச்சுவார்த்தை இல்லை.

மறுநாளே சித்திக்குப் போன் செய்தேன். பஸ் பிடித்து வந்துவிட்டார். வந்தவர் ஒன்றும் பேசாமல், அக்காவின் தலையில் சிக்கெடுக்க உட்கார்ந்தார். அத்தை தழுதழுத்தபடி உண்மையைச் சொன்னார்.

"இது எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. உன் வாயால வரட்டும்னுதான் இருந்தேன்" என்றார் சித்தி.

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அன்றிரவு அத்தை விடிய விடியத் தூங்கினார். அதே மருந்து, அதே கட்டில்தான்! பன்னிரண்டு நாள் கழித்து, தங்கையின் கையைப் பிடித்தபடியே அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

1967-ல் லண்டனில், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கவென்றே ஓர் இல்லம் தொடங்கியவர் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண்மணி. நோயாளியின் வலி உடம்போடு நிற்பதில்லை. மனசு, குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்றார் அவர். அத்தையைப் பார்த்த பிறகு எனக்கு அது நன்றாகப் புரிந்தது. மாத்திரையும் வேண்டும், மன்னிப்பும் வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். மகள் சடங்குக்குச் சீர் குறைந்துபோச்சு என்று அண்ணியோடு நாலு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள் நான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் போனை எடுத்தேன். "நல்லா இருக்கீங்களா அண்ணி?" என்பதற்குள் தொண்டை அடைத்துவிட்டது. "சாப்பிட்டியா?" என்றார் அண்ணி. அவ்வளவுதான்!

சகோதரிகளே, அத்தைக்குக் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்க அவகாசம் இருந்தது. கேட்கத் தங்கையும் இருந்தார். எல்லாருக்கும் அப்படி வாய்க்குமா? பேச வேண்டியவரிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். கடைசிப் படுக்கையில் தேடுகிற நிம்மதியை, நடமாடும்போதே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துக்கொள்வோமே!