மஞ்சள் பை எத்தனை முறை?

உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் எத்தனை துணிப் பைகள் தொங்குகின்றன? எண்ணிப் பாருங்கள். நந்தனத்தில் எங்கள் வீட்டில் எண்ணினேன், 17 இருந்தன. பெரும்பாலும் கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு கிடைத்தவை. ஆனால் கடைக்குப் போய் வருபவை இரண்டே இரண்டுதான்! இதில் என்ன தவறு என்கிறீர்களா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் எதிராளியைத் தெரிந்துகொள்வோம். பாலிதீன் 1933-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிடைத்த பொருள். எத்திலீன் வாயுவை மிக அதிக அழுத்தத்தில் வைத்துச் சோதித்தபோது, மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒன்று படிந்திருந்தது. கைப்பிடியுடன் கூடிய பாலிதீன் பையை 1960-களில் வடிவமைத்தவர் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் துலின்.

அதன் எடை சுமார் 8 கிராம்தான். ஆனால் 4 கிலோ காய்கறியைத் தாங்கும். அதாவது தன் எடையைப் போல் 500 மடங்கு! இந்த இலேசான தன்மைதான் தொல்லையும் தருகிறது. காற்றில் பறக்கிறது. அடர்த்தி நீரைவிடக் குறைவு என்பதால் மிதந்து சென்று வடிகால் வாயை அடைக்கிறது. நந்தனத்தின் தெற்கே ஓடும் அடையாற்றுக்கு மழைநீர் போய்ச் சேர வேண்டிய வழி மூடிக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்கள் கோத்த அந்த நீண்ட சங்கிலியை நுண்ணுயிர்களால் எளிதில் அறுக்கவும் முடிவதில்லை.

அதனால்தான் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் இப்பைகளைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது.

சரி, துணிப் பைக்கு மாறிவிட்டால் போதுமா? பருத்திச் செடிக்கு நீரும் உரமும் வேண்டும். நூற்க, நெய்ய, சாயமிட ஆற்றல் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தது. ஒரே முறை பயன்படுத்தி எறியும் பாலிதீன் பையோடு ஒப்பிட்டால், பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் கணக்கு நேராவதற்கு ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும்!

திகைக்க வேண்டாம். அந்த ஆய்வில் எடுத்துக்கொண்ட பருத்திப் பை கனமானது. சராசரி 183 கிராம். நம் மஞ்சள் பை அதைவிட மெல்லியது. எனவே அதற்குரிய எண் குறையும். மேலும் அடைபட்ட வடிகால் அந்தக் கணக்கில் சேரவில்லை. என்றாலும் 131 என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு முறை கடைக்குப் போனால் ஆண்டுக்கு 104 முறை. ஒன்றேகால் ஆண்டில் கடன் தீர்ந்துவிடும். நல்ல துணிப் பை அதற்கு மேலும் உழைக்கும்.

ஆனால் ஆணியில் தொங்கும் என் 15 பைகள்? அவை கடனை அடைக்கத் தொடங்கவே இல்லை. பையைத் துணியாக மாற்றுவது பாதி வேலைதான். திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதே மீதி வேலை.

நீங்களும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே ஒரு பையைத் தேர்ந்தெடுங்கள். கடைக்குப் போய் வரும் ஒவ்வொரு முறையும் அதன் உட்புறத்தில் அழியாத மையால் ஒரு கோடு போடுங்கள். கிழிந்தால் தைத்துக்கொள்ளுங்கள். புதுப் பை இலவசமாகக் கிடைத்தால், "என்னிடம் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். 131-ஆவது கோடு என்று விழுகிறது, பார்ப்போம்!