ஒரே சட்டி, மூன்று அகப்பை

வன்தட்டில் நிறுவாமல், பென்டிரைவிலிருந்தோ குறுந்தகட்டிலிருந்தோ நேராக எழுந்து ஓடும் லினக்ஸை ‘லைவ் லினக்ஸ்’ என்பார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் நாப்பர் 2000-இல் வெளியிட்ட நாப்பிக்ஸ் இந்த வகையைப் பரவலாக்கியது. 700 எம்பி குறுந்தகட்டில் சுமார் 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி அடைத்திருந்தது அது. ஆஸ்திரேலியாவின் பாரி கவுலர் 2003-இல் தொடங்கிய பப்பி லினக்ஸ், ரேம் போதுமானால் தன்னை முழுக்க ரேமுக்குள் ஏற்றிக்கொள்ளும். அதன் பிறகு பென்டிரைவைப் பிடுங்கினாலும் வேலை நிற்காது. கணினியை அணைத்தால், சேமித்துவைக்கச் சொன்னவை தவிர மற்றதெல்லாம் போய்விடும்.

உபுண்டு, டெபியன், ஃபெடோரா என எல்லாமே இன்று லைவ் வடிவில் கிடைக்கின்றன. பென்டிரைவில் ஏற்றுவது எப்படி என்பது பள்ளி மாணவருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது வேறொன்று. இப்படித் தற்காலிகமாகக் குடியேறிய லினக்ஸுக்குள் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை, அதாவது மென்பொருளாகவே இயங்கும் இன்னொரு கணினியை, ஓட்டினால் என்ன ஆகும்? அதற்கான மென்பொருள்களில் எது வேகமானது? கணினிக்கு லைவ் லினக்ஸே விருந்தாளி. அந்த விருந்தாளி இன்னொரு விருந்தாளியைக் கூட்டிவந்து அதே வீட்டில் தங்கவைப்பது போன்ற ஏற்பாடு இது.

லினக்ஸில் இந்த வேலைக்கு மூன்று மென்பொருள்கள் பெரிதும் புழங்குகின்றன. விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் 1999-இல் வந்தது. ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் உருவாக்கிய வெர்ச்சுவல்பாக்ஸின் திறமூல வடிவம் 2007-இல் வெளியாகி, சன் நிறுவனம் வழியாக ஆரக்கிள் கைக்குப் போனது. மூன்றாவது ஒரு ஜோடி. பிரான்ஸின் ஃபப்ரிஸ் பெலார்ட் 2003-இல் வெளியிட்ட கியூஎமு, ஒரு கணினியின் எல்லா உறுப்புகளையும் மென்பொருளாகவே நடித்துக்காட்டும். இஸ்ரேலின் கியூம்ரானெட் நிறுவனத்தில் ஆவி கிவிட்டி எழுதிய கேவிஎம், அந்த நடிப்பில் சிபியுவின் பாத்திரத்தை உண்மையான சிபியுவிடமே ஒப்படைத்துவிடும். கேவிஎம் 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலின் ஓர் அங்கம்.

‘சிபியுவிடமே ஒப்படைப்பது’ ஒரு காலத்தில் எளிதாக இருக்கவில்லை. ஒரு சிபியு மெய்நிகராக்கத்துக்கு ஏற்றதாக இருக்க என்னென்ன வேண்டும் என்று போபெக், கோல்ட்பெர்க் இருவரும் 1974-இலேயே வரையறுத்தார்கள். வீட்டுக் கணினிகளில் பின்னாளில் வந்த எக்ஸ்86 சிபியுக்கள் அந்தத் தேர்வில் தேறவில்லை. விருந்தாளி இயங்குதளம் தரும் சில கட்டளைகள், மேற்பார்வை செய்யும் மென்பொருளின் கண்ணில் படாமலே நழுவிவிடும். விஎம்வேர் அந்தக் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதிச் சமாளித்தது. 2005 இறுதியில் இன்டெல்லும் 2006-இல் ஏஎம்டியும் இதற்கென்றே தனி வசதியைச் சிபியுவுக்குள் வைத்தன. விருந்தாளியின் கட்டளைகள் இப்போது நேரடியாகச் சிபியுவில் ஓடுகின்றன. வன்தட்டையோ வலையட்டையையோ தொடுவது போன்ற சில இடங்களில் மட்டும் ஓட்டம் நின்று, மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டுத் திரும்புகிறது.

ஆகவே வெறும் கணக்குப்போடும் வேலையில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இருக்க வழியில்லை. கோப்புகளைச் சுருக்குவது, படங்களை மாற்றுவது, நிரல் தொகுப்பது எல்லாம் அசல் கணினியின் வேகத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஓடுவது ஒரே சிபியு, மேற்பார்வையாளர்தான் வேறு.

இருந்தும் “கியூஎமு ஆமை வேகம்” என்ற புகார் ஓயாமல் எழுகிறது. காரணம் சிறியது. கியூஎமுவை வெறுமனே அழைத்தால் அது கேவிஎம்மைத் தேடிப் போகாது. விருந்தாளியின் ஒவ்வொரு கட்டளையையும் தானே மொழிபெயர்த்து ஓட்டும். அப்போது வேகம் பல மடங்கு விழும். கேவிஎம்மைப் பயன்படுத்து என்று ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும், சிபியுவின் முழு அடையாளத்தை விருந்தாளிக்குக் காட்டு என்று தனியே சொல்லாவிட்டால், கியூஎமு காட்டுவது வசதி குறைந்த ஒரு பொதுச் சிபியுவை. மறைக்குறியாக்கத்துக்கென்று சிபியுவில் உள்ள தனிக் கட்டளைகள் விருந்தாளிக்குத் தெரியாமலே போகும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு எடுத்த ஒப்பீடு, ஒருவரின் காலைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயம் வைத்த கதைதான்.

மென்பொருளை ஏற்றுவதிலேயே லைவ் லினக்ஸ் முதல் வேறுபாட்டைக் காட்டிவிடும். கேவிஎம் கெர்னலோடு சேர்ந்தே வருவதால் கியூஎமுவை மட்டும் கொண்டுவந்தால் போதும். வெர்ச்சுவல்பாக்ஸுக்கும் விஎம்வேருக்கும் தனித்தனிக் கெர்னல் மாட்யூல்கள் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்கு அச்சொட்டாகப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். ஆயத்தமாகக் கிடைக்காதபோது கம்பைலரும் கெர்னலின் தலைப்புக் கோப்புகளும் இறக்கி அங்கேயே தொகுக்க வேண்டும். நிறுவிய லினக்ஸில் இது கெர்னல் மாறும்போது மட்டும் செய்யும் வேலை. லைவ் லினக்ஸில், சேமிக்கும் ஏற்பாடு இல்லையென்றால், ஒவ்வொரு முறை கணினியை எழுப்பும்போதும் செய்ய வேண்டிய வேலை. இறக்கிய கம்பைலர் உட்கார்வதும் ரேமில்தான். செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் தொகுத்த மாட்யூலுக்குக் கையொப்பமும் வேண்டும்.

மேற்பார்வையாளர்களுக்குள் சக்களத்திச் சண்டையும் உண்டு. சிபியுவின் மெய்நிகராக்க வசதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் கைக்கொள்ள முடியும். முன்பெல்லாம் கேவிஎம் தன் முதல் விருந்தாளி எழும்போதுதான் அதை எடுத்துக்கொள்ளும். 2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னல் முதல், மாட்யூல் ஏறியவுடனேயே எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்து வெர்ச்சுவல்பாக்ஸ் பதிப்புகள் புதிய கெர்னலில் எழ மறுத்ததற்கு இதுவே காரணம். கேவிஎம் மாட்யூலைக் கெர்னலிலிருந்து கழற்றினால் சிக்கல் தீரும்.

இனி வருவதுதான் லைவ் லினக்ஸின் வினோதம். இதன் கோப்புகள் ‘ஸ்குவாஷ்எஃப்எஸ்’ என்னும் சுருக்கிய மூட்டையில் இருக்கின்றன. மூட்டையைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது. எழுத வேண்டியவற்றுக்காக, ரேமில் ஒரு வெற்றுத் தளத்தை உண்டாக்கி மூட்டையின் மேல் விரிக்கிறார்கள். அச்சிட்ட படத்தின் மேல் கண்ணாடிக் காகிதம் விரித்து, அதில் பேனாவால் எழுதுவது போல. பார்ப்பவருக்குப் படமும் எழுத்தும் ஒன்றாகவே தெரியும். கீழே உள்ள படம் கெடாது. 2014-இல் வந்த 3.18 கெர்னலிலிருந்து ‘ஓவர்லே’ என்ற பெயரில் இந்த ஏற்பாடு லினக்ஸிலேயே இருக்கிறது.

சின்னச் சின்ன அமைப்புக் கோப்புகளுக்கு இது அருமையான ஏற்பாடு. மெய்நிகர் இயந்திரத்தின் வன்தட்டுக்கு அப்படியல்ல. விருந்தாளிக்கு வன்தட்டாகத் தெரிவது, வெளியே இருந்து பார்த்தால் பல ஜிபி கொண்ட ஒற்றைக் கோப்பு. ஓவர்லேயின் விதியோ இது: கீழே உள்ள கோப்பில் ஒரு பைட்டை மாற்ற வேண்டுமென்றாலும் முழுக் கோப்பையும் மேலே நகலெடு. மாற்றக்கூட வேண்டியதில்லை; எழுதும் உரிமையோடு கோப்பைத் திறந்தாலே நகல் தொடங்கிவிடும்.

8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். லைவ் மூட்டைக்குள் 3 ஜிபி அளவுள்ள வன்தட்டுக் கோப்பு இருக்கிறது. மெய்நிகர் இயந்திரத்துக்கு 3 ஜிபி ரேம் ஒதுக்கியாயிற்று. லைவ் லினக்ஸின் மேசைத்தளம் 1 ஜிபியைத் தின்கிறது. பொத்தானை அழுத்தியதும் திரை கறுப்பாகவே நிற்க, பென்டிரைவின் விளக்கு மட்டும் விடாமல் மினுக்குகிறது. உள்ளே அந்த 3 ஜிபியும் ரேமுக்குப் பெயர்ந்துகொண்டிருக்கிறது. விருந்தாளி இன்னும் ஓர் எழுத்தும் எழுதவில்லை. ரேமில் மிஞ்சப்போவது 1 ஜிபி. ரேமில் விரித்த தளத்துக்கு வழக்கமான உச்சவரம்பு மொத்த ரேமில் பாதி, அதாவது இங்கே 4 ஜிபி. விருந்தாளிக்குள் ஏதாவது நிறுவத் தொடங்கினால் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும். அப்போது கியூஎமுவும் வெர்ச்சுவல்பாக்ஸும் விருந்தாளியை உறையவைத்துக் காத்திருக்கும். அதற்கு முன்பே ரேம் தீர்ந்துவிட்டால் கெர்னல் ஏதாவது ஒரு நிரலைக் கொன்று இடம் தேடும். பெருந்தீனிக்காரனாகக் கண்ணில் படுவது பெரும்பாலும் மெய்நிகர் இயந்திரமே.

படிப்பதிலும் ஒரு விரயம் ஒளிந்திருக்கிறது. ஸ்குவாஷ்எஃப்எஸ் வழக்கமாக 128 கேபி துண்டுகளாகச் சுருக்கி வைக்கும். விருந்தாளி கேட்பது 4 கேபி என்றாலும் அவிழ்க்க வேண்டியது 128 கேபி, அதாவது 32 மடங்கு. ஒரு வெங்காயத்துக்காக மூட்டையையே அவிழ்ப்பது மாதிரி.

தீர்வு மெய்நிகர் மென்பொருள்களிடமே இருக்கிறது. மூல வன்தட்டுக் கோப்பைப் படிக்க மட்டும் திறந்து, மாற்றங்களை மட்டும் இன்னொரு சிறு கோப்பில் எழுதச் சொல்லலாம். கியூஎமுவின் ‘கியூகவ்2’ வடிவம் இதற்குப் பேர்போனது. வெர்ச்சுவல்பாக்ஸில் மாறாவட்டு என்றும், விஎம்வேரில் இணைப்பு நகல் என்றும் இதே உத்தி உண்டு. மூலம் எழுதத் திறக்கப்படாததால் ஓவர்லே நகலெடுக்காது. ரேமில் வளர்வது மாற்றங்களின் அளவு மட்டுமே. மூலக் கோப்பை மூட்டைக்குள் திணிக்காமல், பென்டிரைவில் தனிப் பகுதி பிரித்து வைத்தால் வெங்காய மூட்டைச் சிக்கலும் ஒழியும்.

வேக ஒப்பீட்டில் பெரிய ஏமாற்று நடப்பதும் இந்த வன்தட்டு விஷயத்தில்தான். மாற்றங்கள் ரேமில் எழுதப்படுவதால் விருந்தாளிக்குள் அளந்தால் வன்தட்டு பறக்கும். அது ரேமின் வேகம். மென்பொருளின் சாமர்த்தியம் இல்லை. போதாக்குறைக்கு ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறது. கியூஎமு தன் வழக்கப்படி, படித்ததையும் எழுதியதையும் லினக்ஸ் ரேமில் தற்காலிகமாகச் சேர்த்துவைக்க விட்டுவிடும். வெர்ச்சுவல்பாக்ஸ், சாட்டா வகை வட்டுக்கு அந்தச் சேமிப்பைத் தவிர்க்கும். பழைய ஐடிஇ வகைக்கு அனுமதிக்கும். இரண்டையும் வந்த வடிவிலேயே ஓட்டி எண்களை அடுக்கினால், ஒப்பிட்டது இயல்பமைப்புகளையே தவிர மென்பொருள்களை அல்ல.

வலையமைப்பில் வித்தியாசத்தை உண்டாக்குவது நடிப்பு. உண்மையான ஒரு பழைய வலையட்டை போல நடிக்க மேற்பார்வையாளர் ஒவ்வோர் அசைவையும் போலி செய்ய வேண்டும். ரஸ்டி ரஸ்ஸல் வடிவமைத்த ‘விர்ட்ஐஓ’ அந்த நடிப்பை விட்டுவிட்டது. தான் மெய்நிகர் என்பதை விருந்தாளி அறிந்து, பொட்டலங்களைக் கொத்தாகக் கைமாற்றும். லினக்ஸ் விருந்தாளிகளிடம் இதற்கான இயக்கி ஏற்கெனவே உண்டு. விண்டோஸுக்குத் தனியே ஏற்ற வேண்டும். வரைகலையில் நிலைமை வேறு. விண்டோஸ் விருந்தாளியின் முப்பரிமாணப் படங்களுக்கு விஎம்வேரும், துணை நிரல்கள் ஏற்றிய வெர்ச்சுவல்பாக்ஸும் கியூஎமுவைவிட வசதியானவை.

நியாயமாக அளக்க விரும்புகிறவர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ள வேண்டும். விருந்தாளி, சிபியு எண்ணிக்கை, ரேம், வன்தட்டு வகை, தற்காலிகச் சேமிப்பு முறை எல்லாம் மூன்றிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்றை ஓட்டி முடித்ததும் கணினியை அணைத்து எழுப்பிவிட்டு அடுத்ததை ஓட்ட வேண்டும். முதல் ஓட்டத்தில் கோப்புகள் பென்டிரைவிலிருந்து வரும், இரண்டாவதில் ரேமிலிருந்து வரும் என்பதால் இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்வது நல்லது. நேரத்தை விருந்தாளியின் கடிகாரத்தில் பார்ப்பதைவிட வெளியே பார்ப்பது மேல். விருந்தாளி தன் முறைக்காகக் காத்திருந்த நேரம் அதன் கணக்கில் சரியாக ஏறாமல் போகலாம். ஒவ்வொரு முடிவோடும் மிஞ்சிய ரேம் எவ்வளவு என்று எழுதிவைப்பதை மறக்கக்கூடாது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். லைவ் லினக்ஸில் சட்டி என்பது ரேம்.

இவ்வளவு நுணுக்கத்துக்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று பலர் கண்ணில் படுவதே இல்லை. சிபியுவின் மெய்நிகராக்க வசதி, பல கணினிகளில் பயாஸ் அமைப்பில் அணைத்துவைக்கப்பட்ட நிலையிலேயே விற்பனைக்கு வருகிறது. காசு கொடுத்து வாங்கிய வசதி வருடக்கணக்கில் உறங்குகிறது. “பழைய கணினி, இதில் ஓடாது” என்று சொல்லி அதைக் கழித்தும் கட்டுகிறார்கள். பயாஸில் அந்த ஒரு வரியைத் திருப்பிவிட்டால், பத்து வருடத்துக்கு முந்தைய மடிக்கணினிக்கும் அதுவரை காணாத வேகம் வரலாம். வெர்ச்சுவல்பாக்ஸ் 6.1 பதிப்பிலிருந்து இந்த வசதி இல்லாமல் ஓடுவதே இல்லை. கியூஎமு மட்டும் மொழிபெயர்த்தாவது நொண்டி நடக்கும்.

லைவ் லினக்ஸைப் பொறுத்தவரை தீர்ப்பு இவ்வளவுதான். தொகுக்கும் வேலை இல்லாமல் உடனே எழுவதற்கும், ரேமைச் சிக்கனமாகச் செலவழிப்பதற்கும், லினக்ஸ் விருந்தாளிக்கும் கியூஎமு–கேவிஎம் ஜோடி. மாட்யூல்களைச் சேமித்துவைக்கும் ஏற்பாடு இருந்து, கட்டளைகளை நினைவில் வைக்க மனமில்லாதவருக்கு வெர்ச்சுவல்பாக்ஸ். விண்டோஸும் வரைகலையும் முக்கியம் என்றால் விஎம்வேர். ஆனால் அதற்கு நிறுவிய லினக்ஸே ஏற்ற இடம். ரேம் 4 ஜிபிக்குள் இருந்தால் மூன்றில் எதுவானாலும், மேசைத்தளம் இல்லாத சிறு விருந்தாளியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.