கை தவறாமல் எழுதினார்களா?

நெல்லைச் சீமையின் இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல் கிராமங்கள் வரை தமிழ் பைபிள் வந்து சேர்ந்திருக்கிறது. அன்று எழுதியதுதானா இன்று கையில் இருப்பது? படிக்கிறவருக்கும் இந்தச் சந்தேகம் வரும். பக்கத்து வீட்டாருக்கும் வரும்.

எழுதியவர்கள் கைப்பட எழுதிய மூல ஏடு ஒன்றுகூட இன்று இல்லை. இருப்பவை எல்லாம் பார்த்து எழுதிய பிரதிகள்தான். பார்த்து எழுதும்போது கை தவறாதா?

குகையில் கிடைத்த சாட்சி

1947இல் சாக்கடல் ஓரத்துக் குகை ஒன்றில் ஆட்டிடையர்கள் மண் ஜாடிகளைக் கண்டார்கள். உள்ளே தோல் சுருள்கள்! அவற்றில் ஒன்று ஏசாயா ஆகமம். 24 அடி நீளம். கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் எழுதியது. அதுவரை தெரிந்திருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறத்தாழ 1,000 ஆண்டு மூத்தது!

அறிஞர்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள். வேறுபாடுகள் நிறைய இருந்தன. ஆனால் பெரும்பாலானவை எழுத்து வேறுபாடுகள், சொல் வடிவ வேறுபாடுகள்தான். நூல் அதே நூல்!

எல்லா இடத்திலும் இப்படியா? இல்லை. மாற்கு சுவிசேஷத்தின் கடைசி 12 வசனங்கள், 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு கிரேக்கப் பிரதிகளில் கிடையாது. இன்றைய மொழிபெயர்ப்புகள் பலவும் இதை மறைக்காமல் குறிப்பிடுகின்றன.

தமிழுக்கு வந்த வழி

தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. பாளையங்கோட்டையில் ஊழியம் செய்த ரேனியஸ் அதை மீண்டும் மொழிபெயர்த்தார். 1995இல் திருவிவிலியம் வந்தது. ஒவ்வொரு முறையும் மூலத்தோடு ஒத்துப் பார்த்தார்கள், தமிழைத் திருத்தினார்கள்.

பிரதி சரியா என்பதை ஏடுகளை வைத்துச் சோதிக்கலாம். அது தெய்வ வாக்கா என்பதற்கு ஏட்டில் சோதனை இல்லை. அதை அவரவர் மனம்தான் சொல்ல வேண்டும்.