கிளிப் போட்ட பல்லுக்கு மவுத்வாஷ்

பல்லில் போட்டிருந்த கிளிப்பைக் கழற்றியதும் சிலருக்கு ஏமாற்றம் காத்திருக்கும். பல் வரிசை நேராகியிருக்கும். ஆனால் பிராக்கெட் ஒட்டியிருந்த இடம் மட்டும் பளபளக்க, அதைச் சுற்றிச் சுண்ணாம்பு தீற்றியதுபோல வெள்ளைத் திட்டு தெரியும். சொத்தையின் முதல் படி அதுதான்.

பிராக்கெட்டின் ஓரத்திலும் கம்பியின் அடியிலும் பிரஷ் எளிதில் புகாது. அங்கே தங்கும் பாக்டீரியாக்கள் நாம் தின்னும் இனிப்பையும் மாவையும் அமிலமாக்குகின்றன. அமிலம் கூடி pH அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலின் கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். சரியாகத் துலக்காத வாயில் ஒரே மாதத்தில்கூடத் திட்டு விழும்.

ஃபுளோரைடு கலந்த மவுத்வாஷ் உதவுவது இங்கேதான். பிரஷ் எட்டாத இடுக்குக்கும் அது போகும். கரைந்த தாது மறுபடி எனாமலில் படிய ஃபுளோரைடு துணைசெய்யும். தினமும் பயன்படுத்துவதில் சோடியம் ஃபுளோரைடு பொதுவாக 0.05 சதவீதம் இருக்கும். 10 மி.லி. எடுத்து ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்பினால் போதும். பிறகு அரை மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம், தண்ணீரும் குடிக்க வேண்டாம்.

பல் துலக்கிய கையோடு கொப்பளிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பேஸ்ட்டில் ஃபுளோரைடு பத்து லட்சத்தில் 1000 முதல் 1500 பங்கு. இந்த மவுத்வாஷில் சுமார் 225தான். அதிகமானதைக் கழுவிவிட்டுக் குறைவானதை வாயில் வைத்துக்கொள்வதில் என்ன பயன்? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகோ, பள்ளி விட்டு வந்ததுமோ கொப்பளிப்பது நல்லது.

ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால் டாக்டர் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதித் தருவார். அது மருந்து. சொன்ன நாளுக்கு மேல் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும்.

எந்த மவுத்வாஷும் பல்லில் ஒட்டிய படலத்தைப் பெயர்த்தெடுக்காது. அதற்குத் தேய்க்கத்தான் வேண்டும். கம்பிக்கு அடியில் நுழையும் குட்டி இடைப்பல் பிரஷ் மருந்துக் கடையிலேயே கிடைக்கும்.

தருமபுரி போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்க்காரர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள். அவர்களுக்கு மவுத்வாஷ் வேண்டாம்.

கடையில் நிறத்தையும் மணத்தையும் பார்த்து வாங்காதீர்கள். பாட்டிலின் பின்பக்கத்தில் சோடியம் ஃபுளோரைடு என்று போட்டிருக்கிறதா, ஆல்கஹால் இல்லாததா என்று பார்த்து, கிளிப் போட்டுவிட்ட டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.